தொழில்நுட்பம் விரைந்து மாறும் காலத்தில் பள்ளிக் கணிதம்: வளரும் நாடுகள் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

மூலைவிட்டம் (கேள்வி)

வளரும் நாடுகளின் பள்ளிக் கணிதப் பாடத்திட்டம் குறித்துக் கருத்துரை ஒன்று எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. எழுத உட்கார்ந்தால் இரண்டு உண்மைகள் எதிரெதிராக இழுக்கின்றன.

இன்று முதல் வகுப்பில் சேரும் குழந்தை ஏறக்குறைய 12 ஆண்டுகள் கழித்துத்தான் பள்ளியை முடிக்கும். அப்போது எந்தக் கருவிகள் புழக்கத்தில் இருக்கும் என்பதை இன்றே சொல்லிவிட முடியாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியாவதற்குச் சிறிது காலம் முன்புகூட, எந்தப் பாடநூல் கணக்கையும் மாணவரோடு உரையாடியே விளக்கும் நிரல் கைப்பேசிக்கே வந்துவிடும் என்று கருதித் திட்டமிட்ட பாடத்திட்டக் குழு எதையும் நான் அறியேன். ஆகவே தரவு, நிகழ்தகவு, படிமுறைச் சிந்தனை (ஒரு வேலையைத் தெளிவான படிகளாகப் பிரித்துச் செய்வது), செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றை உடனே பாடத்தில் சேர்க்க வேண்டும் என்ற குரல் எல்லா மாநாடுகளிலும் ஒலிக்கிறது.

மறுபுறம், யுனெஸ்கோ புள்ளியியல் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகெங்கும் 61.7 கோடிக் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் வாசிப்பிலும் கணிதத்திலும் குறைந்தபட்சத் தேர்ச்சியை எட்டாதவர்கள். இவர்களில் மூன்றில் இரு பங்கினர் பள்ளிக்கு வந்துகொண்டிருப்பவர்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது. இடமதிப்பே பிடிபடாத மாணவருக்கு இயந்திரக் கற்றலைப் பற்றிய பாடத்தை நீட்டுவது முறையா?

என் கேள்வி இதுதான். பாடவேளை கூடப் போவதில்லை, ஆசிரியர்களும் அதே ஆசிரியர்கள்தான் என்ற நிலையில், எதைக் குறைத்து எதைக் கூட்ட வேண்டும்? கருவிகளுக்குச் செலவிடுவது பலன் தருமா? வகுப்பறை அனுபவமோ ஆய்வு அறிவோ உள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால் பெரிதும் உதவும்.

---

கணக்காயர்

கேள்வியை "அடிப்படையா, புதுமையா" என்று இரண்டாகப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கருவி மாறும்போது கணிதத்தில் எது சாகிறது, எது நிற்கிறது என்பதைப் பழைய மாற்றங்களைப் பார்த்தே ஓரளவு கணித்துவிடலாம்.

மடக்கையை (லாகரிதம்) எடுத்துக்கொள்ளுங்கள். 1614-இல் ஸ்காட்லாந்துக் கணித அறிஞர் நேப்பியர் அதை வெளியிட்டது பெருக்கல் வகுத்தலின் சுமையைக் குறைப்பதற்காக. மூன்றரை நூற்றாண்டுக் காலம் மடக்கை அட்டவணையும் சறுக்கு அளவுகோலும் இல்லாமல் பொறியாளர் யாரும் வேலை செய்ததில்லை. 1972-இல் எச்பி-35 என்னும் கைக்கணிப்பான் வந்த சில ஆண்டுகளுக்குள் அந்தப் பயன்பாடு முடிந்துபோனது. ஆனால் மடக்கை என்ற கருத்து முடிந்துபோகவில்லை. நிலநடுக்கத்தின் அளவு, அமிலத்தன்மையின் அளவு, தொற்றுநோய்ப் பரவல் வரைபடம் எல்லாம் இன்றும் அதன் வழியாகத்தான் புரிகின்றன. அட்டவணையைப் பார்க்கும் பயிற்சி வீணாயிற்று. பெருக்கல் வளர்ச்சியைக் கூட்டல் வளர்ச்சியாக மாற்றிப் பார்க்கும் பார்வை வீணாகவில்லை. இந்த உரைகல்லில் ஒவ்வொரு பாடப்பகுதியையும் உரசிப் பார்த்தால், ஐந்திலக்க எண்ணை மூன்றிலக்க எண்ணால் வகுக்கும் நீண்ட பயிற்சிகளும், பெரிய பின்னங்களை அடுக்கடுக்காகச் சுருக்கும் கணக்குகளும் குறைய வேண்டும். இடமதிப்பு, பின்னத்தின் பொருள், விகிதம், தோராய மதிப்பீடு ஆகியவை கூட வேண்டும். கணினி யுகத்துக்கு இவை "பழைய" பாடங்களாகத் தோன்றலாம். உண்மையில் கணினி யுகம்தான் இவற்றின் தேவையைப் பெருக்கியிருக்கிறது. ஏனென்றால், விடையைக் கண்டுபிடிக்கும் வேலை கருவிக்குப் போய்விட்ட பிறகு மனிதரிடம் எஞ்சுவது அந்த விடையை நம்பலாமா என்று தீர்மானிக்கும் வேலை. அதற்கு எண்களின் பருமன் பற்றிய உணர்வு வேண்டும்.

அந்த உணர்வு குழந்தைகளிடம் அறவே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவோரம் பொருள் விற்ற சிறுவர் சிறுமியரைப் பற்றி 1985-இல் வெளியான ஆய்வில், விற்பனையின்போது வாய்மொழியாகக் கேட்ட கணக்குகளில் 100-க்கு 98 என்ற அளவில் சரியான விடை வந்தது. அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது அது 37 ஆகச் சரிந்தது. 35 வீதம் 10 தேங்காய்க்கு விலை கேட்டபோது, மூன்றுக்கு 105 என்று தொடங்கி, மும்மூன்றாகச் சேர்த்து, கடைசியில் ஒன்றைக் கூட்டி 350 என்றான் ஒரு சிறுவன். பள்ளியில் படித்த "ஒரு சுழியைச் சேர்" என்ற விதி அவன் நினைவுக்கே வரவில்லை. 40 ஆண்டுகள் கழித்து, 2025-இல் கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் குழந்தைகளைப் பற்றி வெளியான ஆய்வும் இதே பிளவைக் காட்டியது. அதில் இன்னொரு செய்தியும் இருந்தது: வேலைக்குப் போகாத பள்ளிக் குழந்தைகள் பாடநூல் கணக்கை அவர்களைவிட நன்றாகச் செய்தார்கள், சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஆக, ஒரு பக்கத்துத் திறமை மறுபக்கத்துக்குத் தானாகக் கடந்துவிடுவதில்லை. நாளைக்கு வரப்போகும் அறிமுகமில்லாத சூழலுக்கு மாணவரைத் தயார்படுத்துகிறோம் என்றால், இந்தக் கடத்தலைத்தான் வகுப்பில் நாள்தோறும் பழக்க வேண்டும்.

---

தொடுகோடு

மேலே சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். வரலாற்றிலிருந்து ஓர் எச்சரிக்கையையும் சேர்க்கிறேன், ஏனெனில் "தொழில்நுட்பம் ஓடுகிறது, கணிதப் பாடத்தை உடனே மாற்று" என்ற பதற்றம் உலகுக்குப் புதிதன்று.

1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் மேலை நாடுகளில் எழுந்த அச்சம், ஏற்கெனவே தொடங்கியிருந்த "நவீனக் கணிதம்" என்ற சீர்திருத்தத்துக்குப் பணமும் வேகமும் கொடுத்தது. கணக்கோட்பாடு (பொருள்களின் தொகுப்பான கணங்களைப் பற்றியது), எண்ணடிமானங்கள் (பத்தை விட்டு வேறு அடிமானங்களில் எண்ணெழுதுவது), இயற்கணித அமைப்புகள் எல்லாம் தொடக்கப் பள்ளிவரை இறங்கின. அந்த அலை, அப்போதுதான் விடுதலை பெற்றுக்கொண்டிருந்த ஆப்பிரிக்க நாடுகளுக்கும் 1960-களில் போய்ச் சேர்ந்தது. உகாண்டாவின் என்டெபேயில் நடந்த பயிலரங்குகளில் எழுதப்பட்ட பாடநூல்கள் பல நாடுகளில் சோதிக்கப்பட்டன. எழுதியவர்களின் நோக்கத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் கணங்களின் வெட்டையும் சேர்ப்பையும் அதுவரை கேள்விப்பட்டிராத ஆசிரியர்களிடம் புத்தகம் முதலில் வந்தது, பயிற்சி பின்னால் வந்தது, அல்லது வரவே இல்லை. கருத்து போய்ச் சேராமல் குறியீடுகள் மட்டும் மனப்பாடமாயின. பெற்றோர் கொதித்தார்கள். நைஜீரியா 1977-இல் நவீனக் கணிதத்தைப் பள்ளிகளிலிருந்து விலக்குவதாக அறிவித்தது.

இதிலிருந்து "மாற்றவே கூடாது" என்ற முடிவுக்கு நான் வரவில்லை. பாடப்பொருள் நல்லதாக இருந்தாலும், ஆசிரியர் அதில் முதலில் தம் கையால் விளையாடிப் பார்க்காவிட்டால் அது வகுப்பறையில் சடங்காகிவிடும் என்பதுதான் அங்கு நடந்தது. இன்று "தரவு அறிவியல்" என்ற பெயரில் சராசரிக்கும் திட்ட விலக்கத்துக்கும் (மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவு) வாய்பாட்டை மட்டும் பாடநூலில் சேர்த்துவிட்டு, மாணவர் ஒரு முறைகூடத் தரவைத் தாமே திரட்டாமல் தேர்வெழுதிப் போவாரானால், அது 1960-களின் கணக்கோட்பாட்டுக் கதையேதான். உங்கள் கருத்துரையில் புதிய அலகு எதையும் பரிந்துரைக்கும் முன், அதை நடத்தப்போகும் ஆசிரியருக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி, யார் தருவார், வகுப்பில் முதல் முறை தடுமாறும்போது யாரைக் கேட்பார் என்ற மூன்றுக்கும் விடை எழுதிவிடுங்கள். விடை இல்லையென்றால் அலகை ஓராண்டு தள்ளிப்போடுவதே மேல்.

---

பகா எண்

எனக்கு இந்த உரையாடலின் போக்கில் ஒரு மனக்குறை உண்டு. "முதலில் அடிப்படை, பிறகு மற்றவை" என்று நாம் சொல்லும்போதெல்லாம், அந்த "பிறகு" ஏழைக் குழந்தைகளுக்கு மட்டும் வராமலே போகிறது. வசதியுள்ள பள்ளிகள் நிரலெழுதக் கற்றுக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கும்; மற்ற பள்ளிகள் பெருக்கல் வாய்ப்பாட்டோடு நின்றுவிடும். தென்னாப்பிரிக்கா 2006 முதல் 10-ஆம் வகுப்பிலிருந்து எல்லா மாணவரும் கணிதத்தையோ அல்லது அதற்கு மாற்றாகக் "கணித எழுத்தறிவு" என்ற பாடத்தையோ படித்தாக வேண்டும் என்று கொண்டுவந்தது. கடன் வட்டி, வரி, வரைபடம், புள்ளிவிவரம் என்று அந்தப் பாடத்தின் உள்ளடக்கம் உண்மையிலேயே சிறப்பானது, அனைவருக்கும் தேவையானது. ஆனால் அதை எடுத்தவர்களுக்குப் பொறியியல், மருத்துவம், அறிவியல் படிப்புகளின் வாசல் பெரும்பாலும் மூடிவிடுகிறது. நல்ல உள்ளடக்கத்தைத் தனித் தடத்தில் வைத்ததால் அது இரண்டாந்தரமாகப் பார்க்கப்பட்டது. எனவே தரவையும் நிகழ்தகவையும் எல்லா மாணவருக்கும் பொதுவான கணிதத்துக்குள்ளேயே வைக்க வேண்டும் என்பது என் உறுதியான நிலைப்பாடு.

அடிப்படை வலுவாகும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. படிமுறைச் சிந்தனைக்குக் கணினியே வேண்டியதில்லை. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1990-களிலேயே கணினி இல்லாமல் கணினி அறிவியல் கற்பிக்கும் செயல்பாடுகளை உருவாக்கி இலவசமாக வெளியிட்டார்கள். 1, 2, 4, 8, 16 புள்ளிகள் வரைந்த ஐந்து அட்டைகளைத் திருப்பித் திருப்பி வைத்து 0 முதல் 31 வரை எல்லா எண்களையும் காட்டும் விளையாட்டில், இரும எண்முறையும் வருகிறது, இடமதிப்பும் கூடவே ஆழமாகிறது. நாம் எதிரெதிராக நிறுத்திய அடிப்படையும் புதுமையும் இங்கே ஒரே பாடவேளையில் நடக்கின்றன. எண் அட்டைகள் ஏந்திய எட்டு மாணவரை வரிசைப்படுத்த, ஒரு நேரத்தில் இருவரை மட்டுமே ஒப்பிடலாம் என்று விதி வைத்தால், எந்த வழி குறைந்த ஒப்பீட்டில் முடிக்கிறது என்ற விவாதம் தானாகத் தொடங்கிவிடும்.

ஒரு துணைச் செய்தி: கற்றல் மென்பொருள் எந்த மொழியில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். தான்சானியாவின் சிற்றூர்களில் சுவாகிலி மொழியிலேயே உருவாக்கிய கைக்கணினிச் செயலிகளை 15 மாதங்கள் சோதித்து, 2019-இல் உலகக் கற்றல் எக்ஸ்பிரைஸ் விருது வழங்கினார்கள். இறுதிச் சுற்றுக்கு வந்த செயலிகளின் மூலநிரல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. வேறு மொழிகளுக்குக் கொண்டுவர விரும்புவோர் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

---

செங்கோணம்

கருவிகளுக்குச் செலவிடலாமா என்ற இரண்டாம் கேள்விக்கு இன்னும் யாரும் நேராக வரவில்லை. எனக்குத் தெரிந்த சான்றுகளை வைக்கிறேன்.

பெருவில் குழந்தைக்கொரு மடிக்கணினி என்ற திட்டத்தை 319 ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் ஆய்ந்த அறிக்கை 2012-இல் வெளியானது. மாணவருக்கு 0.12 என்றிருந்த கணினி விகிதம் 1.18 ஆக உயர்ந்தது. 15 மாதங்கள் கழித்துப் பார்த்தபோது கணிதத்திலோ மொழியிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் இல்லை. கருவி வந்தது, அதை வைத்து என்ன கற்பது என்பது வரவில்லை.

டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைப் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய மையங்களில் பயன்படுத்திய நடுநிலை வகுப்பு மாணவர்கள் நாலரை மாதங்களில் கணிதத்தில் 0.37 திட்ட விலக்க அளவுக்கு முன்னேறினார்கள். இந்த வகை ஆய்வுகளில் இது பெரிய அளவு. மாணவர் எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை விட்டுவிட்டு, உண்மையில் எந்த நிலையில் இருக்கிறார் என்று கண்டு அங்கிருந்து பாடத்தைத் தொடங்கியதே காரணமாகத் தோன்றுகிறது. அந்த மாணவர்களில் பெரும்பாலோர் தம் வகுப்புக்குப் பல படிகள் பின்தங்கியிருந்தார்கள். ஏழாம் வகுப்புப் பாடநூல் அவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. கருவியே இல்லாமலும் இதைச் செய்யலாம்: வயதை விடுத்து நிலைக்கேற்பக் குழு பிரித்துக் கற்பிக்கும் பிரதம் என்ற இந்தியக் கல்வித் தொண்டு அமைப்பின் முறை ஜாம்பியா உட்படப் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது.

போட்ஸ்வானாவில் 2020-இல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, சாதாரணக் கைப்பேசியில் வாரம் ஒரு முறை ஏறத்தாழ 20 நிமிடம் ஆசிரியர் அழைத்துப் பேசி, குறுஞ்செய்தியில் கணக்கும் அனுப்பிய குடும்பங்களின் குழந்தைகள் 0.12 திட்ட விலக்கம் முன்னேறினார்கள். பின்னர் இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஐந்து நாடுகளிலும் இதைச் செய்து பார்த்தபோதும் பலன் கிடைத்தது. யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையின்படி, உலகின் தொடக்கப் பள்ளிகளில் 40 விழுக்காட்டுக்கே இணைய இணைப்பு உண்டு. நான்கில் ஒன்றுக்கு மின்சாரமே இல்லை. இந்த நிலையில், பழைய கைப்பேசியும் ஒரு மனிதக் குரலும் போதும் என்று காட்டும் ஆய்வு, பளபளப்பான பல திட்டங்களைவிடப் பெரிய செய்தி.

சாட்ஜிபிடி போன்ற உரையாடல் நிரல்களைப் பற்றி, துருக்கியில் ஏறத்தாழ 1,000 உயர்நிலைப் பள்ளி மாணவரிடம் நடத்தி 2024-இல் வெளிவந்த ஆய்வைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன். பயிற்சிக் கணக்குகள் செய்யும்போது சாதாரண நிரலைப் பயன்படுத்தியவர்கள் 48 விழுக்காடு மேலாகவும், விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தருமாறு வடிவமைத்த நிரலைப் பயன்படுத்தியவர்கள் 127 விழுக்காடு மேலாகவும் செய்தார்கள். நிரலை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, முதல் வகையினர் நிரலையே காணாத மாணவரைவிட 17 விழுக்காடு கீழே போனார்கள். இரண்டாம் வகையினருக்கு அந்தச் சேதம் பெரும்பாலும் நிகழவில்லை. கருவி வேண்டுமா வேண்டாமா என்று விவாதித்துக்கொண்டிருப்பதைவிட, அது மாணவரின் சிந்தனைக்கு எந்த இடத்தில் குறுக்கே வருகிறது என்று பார்ப்பதுதான் பயனுள்ளது.

---

மூலைவிட்டம்

அனைவருக்கும் நன்றி. பகா எண் அவர்கள் சொன்ன ஒரே பொதுப் பாடம் என்பதையும், தொடுகோடு அவர்களின் மூன்று கேள்விகளையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

எனினும் ஓர் ஐயம் மிச்சம் இருக்கிறது. தோராய மதிப்பீடும் விடையைச் சோதிப்பதும் வகுப்பில் நடக்க வேண்டும் என்று எழுதிவிடலாம். பொதுத் தேர்வு வழக்கம்போல நீண்ட வகுத்தலையும் வாய்பாட்டையும் கேட்டால், எந்த ஆசிரியர் அதற்கு நேரம் ஒதுக்குவார்? பல இலட்சம் விடைத்தாள்களைச் சில வாரங்களுக்குள் திருத்த வேண்டிய தேர்வு வாரியத்திடம் "சிந்தனையைச் சோதியுங்கள்" என்று மட்டும் சொன்னால் அது காதில் விழாது.

---

கணக்காயர்

நீங்கள் தொட்டிருப்பதுதான் மூல நரம்பு. பாடத்திட்ட ஆவணத்தைப் படிக்கும் ஆசிரியர் குறைவு; சென்ற ஆண்டு வினாத்தாளைப் படிக்காத ஆசிரியரே இல்லை. ஆகவே உங்கள் கருத்துரையின் முதல் பரிந்துரையாக வினாத்தாளையே வையுங்கள். ஒரே ஆண்டில் தலைகீழாக மாற்ற வேண்டாம். முதல் ஆண்டு சிந்தனையைச் சோதிக்கும் வினாக்களுக்கு நூற்றுக்குப் பத்து மதிப்பெண் போதும், மாதிரி வினாக்களை ஓராண்டு முன்பே வெளியிட்டுவிட்டு.

திருத்தும் சுமையைப் பற்றிய அச்சம் நியாயமானது. ஆனால் சிந்தனையைச் சோதிக்கும் வினா எல்லாமே நீண்ட விடையைக் கேட்பதில்லை. "48.7-ஐ 0.52-ஆல் பெருக்கினால் 253.24 என்று ஒரு கருவி காட்டுகிறது; பெருக்கிப் பார்க்காமலே இது தவறு என்று எப்படிச் சொல்வாய்?" என்று கேளுங்கள். 0.52 என்பது அரைக்குச் சற்று மேல், எனவே விடை 25-ஐ ஒட்டித்தான் வர முடியும் என்ற ஒரு வரி போதும். திருத்துபவருக்கு அரை நிமிடம்கூட ஆகாது. "விலை 20 விழுக்காடு ஏறிப் பின்பு 20 விழுக்காடு இறங்கினால் பழைய விலைக்கே வருமா?" என்பதைக் கொள்குறி வினாவாகவே வைத்து இயந்திரத்தால் திருத்திவிடலாம்.

மேல்வகுப்புக்கு ஒன்று. 1,000 விண்ணப்பங்களில் 10 போலியானவை. அவற்றைக் கண்டறியும் நிரல், 10 போலிகளில் 9-ஐப் பிடிக்கும். நேர்மையான விண்ணப்பங்களில் நூற்றுக்கு 5-ஐத் தவறாகப் போலி என்று ஒதுக்கும். அப்படியானால் நிரல் ஒதுக்கியவர்களில் உண்மையில் போலி எத்தனை பேர்? நேர்மையான 990 பேரில் ஏறத்தாழ 50 பேர் தவறாக மாட்டிக்கொள்வார்கள். ஆக 59 பேரில் 9 பேர்தாம் போலி. இதில் உள்ள கணிதம் ஏழாம் வகுப்பு விழுக்காடு, அவ்வளவே. ஆனால் நலத்திட்டமோ கடனோ கேட்டு விண்ணப்பிக்கும் ஒருவரை ஓர் இயந்திரம் தள்ளிவிட்டால், அந்த முடிவைத் தட்டிக் கேட்கத் தேவையான கணிதம் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. நிபந்தனை நிகழ்தகவின் வாய்பாட்டைக் கொடுக்காமல், இப்படித் தலைகளை எண்ணும் முறையிலேயே கொடுங்கள். மாணவருக்கும் ஆசிரியருக்கும் இது எளிதில் பிடிபடும்.

கணிப்பானைப் பற்றியும் வாரியம் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கும். எல்லாரிடமும் இல்லாத நிலையில் அனுமதித்தால் வசதியுள்ளவருக்கே அது உதவும். தேர்வைக் கணிப்பான் இல்லாத தாள், எண்களைக் கணக்கிட்டே கொடுத்துவிட்டு முடிவை மட்டும் கேட்கும் தாள் என இரண்டாகப் பிரித்தால், யாரிடம் எந்தக் கருவி இருக்கிறது என்ற கேள்வியே எழாது. இரண்டாம் தாளுக்கான வினாக்களை ஆசிரியர்களிடமிருந்தே திரட்டுங்கள். வினா எழுதிப் பார்த்த ஆசிரியருக்குத் தனிப் பயிற்சி முகாம் அதிகம் தேவைப்படாது என்பதால், தொடுகோடு கேட்ட மூன்று கேள்விகளில் முதல் இரண்டுக்கு அங்கேயே பாதி விடை கிடைத்துவிடும்.